மச்சான் பிடித்த கயிறும் கம்பெனி கொடுத்த காகிதமும்

போன வாரம் பயிற்சியாளர்கள் கூட்டம் முடிந்ததும் நீங்கள் என் சட்டைப் பையில் திணித்த காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணாடி போட மறந்துவிட்டேன், அதனால்தான் இரண்டாவது முறை. காட்டுப்பள்ளியில் டைவிங் சொல்லிக்கொடுக்கச் சேரும் நீங்கள் கம்பெனியின் ஊழியர் இல்லையாம், சுயமாகத் தொழில் செய்கிற ஒப்பந்ததாரராம். ஆனால் அங்கிருந்து விலகினால் இரண்டு வருஷத்துக்கு இந்தக் கரையில் வேறு யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாதாம். கூட்டத்துக்கு வந்திருந்த ஒருவர், விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் குதிக்கக் கற்றுத் தருபவர், தன்னிடமும் இதே காகிதம் இருப்பதாகச் சொன்னார். மேலிருந்து குதிப்பவனுக்கும் கீழே இறங்குபவனுக்கும் ஒரே ஆள்தான் எழுதிக்கொடுக்கிறான் போலிருக்கிறது.

கையெழுத்துப் போடலாமா என்று கேட்டீர்கள். போடு, போடாதே என்று சொல்ல நான் வக்கீல் இல்லை. இருபத்தாறு வருஷம் கடலுக்குள் இறங்கியவன், அதில் பாதிக் காலம் மற்றவர்களை இறக்கியவன். இதே மாதிரி ஒரு காகிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்கிறேன், முடிவை நீங்கள் எடுங்கள்.

அறுபதுகளின் கடைசி. துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகம் பார்க்கிற வேலை, சிக்கிய கயிறு அறுக்கிற வேலை எல்லாவற்றையும் ஒரு தனியார் கம்பெனி எடுத்துச் செய்தது. புது ஆட்களுக்கு டைவிங் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "அந்தோணி, இனிமே நீ யாருக்கும் கூலியாள் இல்லை. நீயே ஒரு முதலாளி மாதிரி" என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராயபுரத்தில் என் தெருவில் முதலாளி என்று சொல்லிக்கொள்ள ஒரு சைக்கிள் கடைக்காரர்தான் இருந்தார். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே பை வைத்த சட்டை ஒன்று வாங்கி, பையில் பேனா குத்திக்கொண்டு தெருவில் இரண்டு நடை நடந்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன், காகிதத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிட்டேன்.

இப்போது எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் காலத்தில் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு மீன் மாதிரிப் போகிறீர்கள். எங்களுக்குத் தலையில் செம்புத் தொப்பி, காலில் ஈயச் செருப்பு. படகில் இருவர் கையால் பம்பு அடிக்க, குழாய் வழியாகக் காற்று கீழே வரும். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை படகில் ஒருவன் கையில். அவன் ஒருதரம் இழுத்தால் "எப்படி இருக்கிறாய்" என்று கேள்வி. நாம் ஒருதரம் இழுத்தால் "நலம்" என்று பதில். அந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்பதை டைவர்தான் முடிவு செய்வான். பெரும்பாலும் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்தவர். முதல் நாளே என்னிடம், "மச்சான் இருக்கானால? அவன் கையில கயித்தக் குடு. கூடப்பிறந்தவ தாலி தன் கையில இருக்குன்னு அவனுக்குத்தான் தெரியும்" என்றார். அன்றிலிருந்து என் கயிறு ஸ்டெல்லாவின் தம்பி சூசையிடம். நான் சொல்லிக்கொடுக்கிற ஆட்களின் கயிற்றையும் அவன்தான் பிடித்தான்.

சூசையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வாய்த்துடுக்கு அதிகம். ஒரு வேலையிலும் ஆறு மாதம் நிலைத்ததில்லை. ஆனால் கயிறு கையில் இருந்தால் பீடிகூடப் பற்றவைக்க மாட்டான்.

கம்பெனியில் சேர்ந்த சில மாதத்தில் ஒரு புதுச் சட்டம் வந்தது. கீழே போன ஆட்கள் வேலையை அரைகுறையாக விட்டு மேலே வந்துவிடுகிறார்களாம். ஆகவே மேஸ்திரி சொல்லாமல் யாரையும் இழுக்கக் கூடாது. மேஸ்திரி கோதண்டம் கெட்டவர் இல்லை. வியாசர்பாடியில் நாலு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேனேஜரின் முகத்தைப் பார்த்தே மூச்சு விடுகிற மனிதர். அந்தச் சட்டத்தைக் கேட்டபோதே நான் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. "நாமதான் முதலாளியாச்சே, நம்மை யார் கேட்பது" என்று இருந்துவிட்டேன். அதுதான் என் இரண்டாவது தப்பு.

மூன்றாவது தப்பு முனுசாமி. புளியந்தோப்புக்காரன், முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். வாலிபத்தில் குத்துச்சண்டை போட்டவன். என்னிடம் வந்து மூன்றாவது வாரம். ஒரு நாள் மத்தியானம் ஒரு கப்பலைத் தள்ளுகிற அடி விசிறியில் தடிக் கயிறு சுற்றிக்கொண்டது. சாயங்காலம் அது கிளம்ப வேண்டும். மற்ற டைவர்கள் வேறு வேலையில் இருந்தார்கள். எனக்கு அன்று சளிபிடித்துக் காது அடைத்திருந்தது. காது அடைத்தவன் இறங்கினால் செவிப்பறை கிழிந்துவிடும்.

"முனுசாமிய எறக்கு. இத்தயும் ட்ரெய்னிங்னு வெச்சிக்க" என்றார் மேஸ்திரி.

"அவன் இன்னும் தயாராகலை மேஸ்திரி. அடிமண்ணுல நடக்கத்தான் பழகிகினு கீறான். விசிறிகிட்டல்லாம் போனதில்ல."

"மேனேஜர் கப்பல்காரனுக்கு வாக்கு குடுத்துட்டாரு. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

முனுசாமியே, "நான் போறேண்ணே, ஒரு கயிறுதான" என்றான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தொப்பியை மாட்டிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

இறங்கிப் பத்து நிமிஷம் நல்லபடியாகப் போனது. பிறகு சூசை கயிற்றை ஒருதரம் இழுத்தான். பதில் இல்லை. மறுபடி இழுத்தான். பதில் இல்லை.

"மாமா, பதிலு வரல" என்றான்.

மேஸ்திரி குறுக்கே வந்து கயிற்றின் மேல் கை வைத்தார். "ரெண்டு கையாலயும் அறுத்துகினு இருப்பான். எந்தக் கையால பதிலு குடுப்பான்? இன்னும் கொஞ்ச நேரம் வுடு."

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. வேலை மும்முரத்தில் பதில் தராத டைவர்கள் உண்டு. அதோடு, விசிறிக்குள் இருப்பவனை அவசரப்பட்டு இழுத்தால் காற்றுக் குழாய் விசிறி இறக்கையில் மாட்டி அறுந்துபோகும். இழுத்தாலும் ஆபத்து, இழுக்காவிட்டாலும் ஆபத்து. சூசை என் முகத்தைப் பார்த்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன். வேலை செய்கிறவனின் காற்றுக் குமிழி ஒரே இடத்தில் வராது. அவன் கை வீச்சுக்குத் தக்கபடி அங்கும் இங்கும் நகரும். முனுசாமியின் குமிழிகள் ஒரே இடத்தில், மெலிசாக வந்துகொண்டிருந்தன. ஆள் அசையவில்லை என்று தெரிந்துவிட்டது.

மேஸ்திரியின் கையை எடுத்துக் கீழே விட்டேன். "சூசை, இழு. மெதுவா இழு. தடுத்தா வுடு, மறுபடி இழு."

அவன் ஒரு குழந்தையைத் தூக்குகிற மாதிரி இழுத்தான். ஒருதரம் தடுத்தது, விட்டான். மறுபடி இழுத்தான். தொப்பி தண்ணீருக்கு மேலே வந்தபோது கண்ணாடிக்குள் முனுசாமியின் உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. குழாய் அவன் மார்புக்கும் விசிறித் தண்டுக்கும் நடுவே மடங்கியிருக்கிறது. காற்று குறையக் குறைய அவனுக்குக் கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையாம். தொப்பியைக் கழற்றியதும் நெடுநேரம் இருமிவிட்டு, "அண்ணே, கயிறு அறுத்தாச்சாண்ணே?" என்று கேட்டான். சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழுததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கப்பல் அன்று கிளம்பவில்லை. மறுநாள் கேட்டில் என் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். மேனேஜரிடம் போய் என்னை எதற்கு நீக்கினீர்கள் என்று கேட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "உன்னை யார் நீக்கினது? நீ எங்க ஆளே இல்லையே. காகிதத்தைப் படிச்சுப் பார்." கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்கள். இவர் கழுவுவதற்கு முன்னாலேயே நழுவுகிறவர்.

சரி, தொழில் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். எண்ணூரில் கடல்தண்ணீர் எடுக்கிற வேலைக்கு ஆறு டைவர்களைப் பழக்க ஒரு கம்பெனி கூப்பிட்டது. சூசையும் நானும் போனோம். மூன்றாவது நாள் அங்கிருந்த இஞ்சினியர் ஒரு நோட்டீஸைக் காட்டினார். ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை மூன்று வருஷம் நான் யாருக்கும் டைவிங் சொல்லித் தரக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். "நல்லா சொல்லித் தர்றீங்க. ஆனா எனக்கு கேஸ் வேண்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். காசிமேட்டில் கருவாடு விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கட்டிக்கவும் மாட்டானாம், வேற எவனும் கட்டிக்கவும் கூடாதாம். இன்னா நாயம் இது?" என்றாள். பிற்பாடு எத்தனையோ வக்கீல்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை.

நான் போட்ட வழக்கு, தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனது. நான் கம்பெனி ஆள்தான் என்று நிரூபித்தால் என்னை நீக்கியது தப்பு. நான் ஒப்பந்தக்காரன் என்று ஆகிவிட்டால் அந்தக் கோர்ட்டில் எனக்கு வாசல்படிகூடக் கிடையாது. பிறகு அந்த மூன்று வருஷத் தடையை உடைக்க வேறு கோர்ட், வேறு வக்கீல். அதுவரை நான் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விசாரணைக்கு முதல் நாள், கூட வேலை செய்த ஒருவன் காதோடு சொன்னான்: "சூசைய யாரு வெச்சதுன்னு கேப்பான். கம்பெனிதான் குடுத்துச்சுன்னு சொல்டு. சொந்தமா ஆள் வெச்சிகிறவன் காண்ட்ராக்டரா பூடுவான்." ராத்திரி முழுக்க இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பொய் சொன்னால் ஜெயிக்கலாம். ஆனால் கயிறு பிடிக்கிற ஆளைக் கம்பெனிதான் வைக்கிறது என்று நானே கோர்ட்டில் சொல்லிவிட்டால், நாளைக்கு எந்த டைவரும் என் மச்சான்தான் பிடிப்பான் என்று வாய் திறக்க முடியாது. என் பிழைப்புக்காக எல்லாருடைய உயிரையும் அடகு வைத்த மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் கம்பெனி வக்கீல் எதிர்பார்த்தபடியே கேட்டார். "கயிறு பிடிப்பவரை நியமித்தது யார்?"

"நான்தாங்க."

"கம்பெனி இல்லையே?"

"இல்லீங்க. கம்பெனி சொல்ற ஆள் கையில என் கயித்தக் குடுக்க மாட்டேன்."

வக்கீல் நீதிபதியைப் பார்த்து லேசாகத் தலைசாய்த்துவிட்டு உட்கார்ந்தார். காதோடு சொன்னவன் பின்வரிசையில் தலையில் கை வைத்துக்கொண்டான். வேட்டி முடிச்சைத் தானே அவிழ்த்துக் கொடுத்தவன் மாதிரி நான் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கினேன்.

அடுத்து சூசை. குளித்து, தலைவாரி, என்னுடைய அந்தப் பை வைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினான். வக்கீல் சிரித்துக்கொண்டே, "உங்கள் மாமாதான் உங்களுக்கு முதலாளி, அப்படித்தானே?" என்றார்.

"மாமா எனக்கு மாமா சார். மொதலாளி வேற."

"உங்களை வேலைக்கு வைத்தவர் அவர்தானே?"

"கயிறு புடின்னு சொன்னது அவுருதான். ஆனா அத்த எப்ப இழுக்கணும்னு அவுரு சொல்ல முடியாது சார். மேஸ்திரிதான் சொல்லணும்."

வக்கீல் உட்காரப் போனார். நீதிபதி விடவில்லை. முன்னால் சாய்ந்து அவரே கேட்டார். "உன் மாமா தண்ணிக்குள்ள இருக்காரு. தூக்குன்னு கயிறு இழுத்து சொல்றாரு. நீ தூக்குவியா?"

"மேஸ்திரிய கேட்டுகினுதான் தூக்கணும் சார். அதான் கம்பெனி சட்டம். எங்க அக்கா புருசன் மூச்சு வுடுறதுக்கு நான் எவனாண்டயோ பர்மிசன் வாங்கணும். இவுருதான் மொதலாளின்றீங்களே, இன்னா மொதலாளி சார் இது, தண்ணிலேந்து தானா எந்திரிச்சி வர முடியாத மொதலாளி?"

கம்பெனி சாட்சியாக வந்திருந்த மேஸ்திரி கோதண்டத்தை நீதிபதி ஏறச் சொன்னார். இவர் சொல்வது உண்மையா என்று கேட்டார். கோதண்டம் மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை. "மெய்தாங்க ஐயா. நான் சொன்னாத்தான் இழுக்கணும். எனக்கு மேனேஜர் சொல்லணும்" என்றார். பிறகு அவராகவே, "எனக்கும் இதே காகிதந்தாங்க. நானும் கம்பெனி ஆள் இல்லீங்களாம்" என்றார். அத்தனை நாள் என் எதிரி என்று நினைத்திருந்த மனிதர் என் கூடவே அதே தண்ணீரில் நின்றிருக்கிறார். எனக்கு அது தெரியவே இல்லை.

அன்று மத்தியானம் கோர்ட் வராந்தாவில் கம்பெனி வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எண்ணூருக்கு அனுப்பிய நோட்டீஸை வாபஸ் வாங்குகிறார்களாம், நாளைக்கே நான் அங்கே போய்ச் சேரலாமாம். ஒரே ஒரு கையெழுத்து, நான் ஒப்பந்தக்காரனாகத்தான் இருந்தேன் என்று. எதற்காக இறங்கி வருகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. என்னைக் கம்பெனி ஆள் என்று கோர்ட் சொல்லிவிட்டால், அதே காகிதத்தில் கையெழுத்துப் போட்ட மற்ற பதினோரு பேரும் அடுத்த நாளே வாசலில் நிற்பார்கள்.

உங்களிடம் மறைப்பானேன், கையெழுத்துப் போடக் கை துறுதுறுத்தது. ஏழு மாதமாக ஸ்டெல்லாவின் கருவாட்டுக் கூடையில்தான் சோறு. எனக்கு வேண்டியது எண்ணூர் வேலை, அது கைக்கு வந்துவிட்டது. சூசையைப் பார்த்தேன்.

"உன் இஷ்டம் மாமா" என்றான். "நான் மேல நிக்கிறவன். கீய போறவன் நீ."

முனுசாமி நினைவுக்கு வந்தான். அன்று அவன் செத்திருந்தால் கம்பெனி என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்தேன். அவன் எங்கள் ஆள் இல்லை, தானே இறங்கினான், தானே செத்தான் என்று அவன் பெண்டாட்டியிடம் காகிதத்தைக் காட்டியிருக்கும். அந்தக் காகிதம் செல்லும் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா? முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன். டீக்குக் காசு மேஸ்திரிதான் கொடுத்தார்.

பிள்ளைகளே, உங்கள் காகிதத்துக்கு வருகிறேன். அதில் உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து மயங்காதீர்கள். நான் மயங்கியிருக்கிறேன். நீங்கள் எப்போது இறங்குவது, எப்போது ஏறுவது, யாரை இறக்குவது, ஒருவன் தயாரில்லை என்று நீங்கள் சொன்னால் அது செல்லுமா என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார் என்று பாருங்கள். அது உங்கள் கையில் இல்லை என்றால் நீங்கள் அவர்களுடைய ஆள்தான். அப்புறம் ஆளுக்கு உள்ள உரிமையைக் கேளுங்கள். அது உங்கள் கையில்தான் என்றால், நீங்கள் நாளைக்கு எங்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்க அவர்கள் யார்? இரண்டில் ஒன்றைத்தான் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். இதை நல்ல வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

தீர்ப்பு இன்னும் ஏழு மாதம் கழித்து வந்தது. அந்தக் காகிதம் செல்லாது, நான் கம்பெனி ஊழியன்தான், திரும்பச் சேர்க்க வேண்டும் என்று. நாங்கள் எதிர்பார்த்தபடியே மற்ற பதினோரு பேரும் கிளம்பிவிட, கம்பெனி எல்லாருக்கும் வேலை உத்தரவு கொடுத்தது. கேட்டில் பட்டியல் ஒட்டினார்கள். முதல் பெயர் மேஸ்திரி கோதண்டம். நாலாவது முனுசாமி. கடைசியில் நான். டைவிங் பயிற்சியாளர், நிரந்தரம் என்று போட்டிருந்தது.

அன்றைக்கு நான் நடந்த நடை உங்களுக்குத் தெரியாது. துறைமுக கேட்டிலிருந்து வீடுவரை பார்த்தவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னேன். அப்படி ஒரு பெருமை எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். எட்டேகாலுக்கு மேனேஜர் மேஜையில் ஒரு கடிதம் வைத்தேன். அவர் படித்துவிட்டு, ஏதோ வசவு என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி படித்தார்.

"ராஜினாமாவா? நேத்துதானே உனக்கு வேலையே கிடைச்சது?"

"ஆமாங்க. வேலை இருந்தாத்தான ராஜினாமா பண்ண முடியும்."

பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று அவர் கையாலேயே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். விலகினால் எங்கேயும் போகக் கூடாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எண்ணூர் பஸ்ஸுக்காக நிற்கும்போது சூசை அந்தக் காகிதத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தான்.

"பதினாலு மாசம் பேஜார் பண்ணி வாங்குன வேலை மாமா. கால்மணி நேரத்துல வுட்டுட்ட. இதுக்கா இத்தினி பாடு?"

"இதுக்குத்தான்டா" என்றேன்.

பஸ் வந்தது. இருவரும் ஏறிக்கொண்டோம்.